நீ அந்த அம்பை வளைத்துப் பார்த்தாய்

அன்பு நிரோவுக்கு,

போன மாதம் நீ போனில் சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னாய். நீ வேலை செய்யும் கொழும்புப் புடவைக் கடையில் யாரோ மாடி ஜன்னலைச் சாத்தாமல் விட்டு, மழை உள்ளே அடித்து, புதிதாக வந்த துணிக்கட்டுகள் நனைந்து போயினவாம். காலையில் முதலாளி எல்லோரையும் நிற்க வைத்து, "நேத்து ஜன்னல் பக்கம் யாரு?" என்று கேட்டாராம். நீ கையைத் தூக்கி, "நானாத்தான் இருக்கும் சேர்" என்றாயாம். அவர் கத்தி ஓய்ந்த பிறகுதான் கூட வேலை செய்யும் பெண் உன் தோளைத் தட்டி, "அடியே, நேத்து நீ லீவுல்ல!" என்றாளாம். சொல்லிவிட்டு நீ சிரித்தாய். "என்னமோ தெரியலப்பா, எனக்கு அப்புடித்தான் வாயில வருது. எது ஒடஞ்சாலும் நாந்தான்னு தோணுது" என்றாய். நானும் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்த பிறகு, அடுப்பிலிருந்த தண்ணீர் கொதித்து வற்றிக் கேத்தல் கருகிய வாடை வரும் வரைக்கும் நான் இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கொழும்புக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? "சும்மா ஒன்னப் பாக்கணும் போல இருந்துச்சு" என்றேன். அது பொய். ஒன்றைச் சொல்லிவிடத்தான் வந்தேன். வட்டவளையில் ரயில் ஏறியதிலிருந்து கொழும்புக் கோட்டையில் இறங்கும் வரை அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நீ தங்கியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நீ சோடாப் போத்தலை இடது கையால் விலாவோடு அணைத்துக்கொண்டு, வலது கையால் மூடியைத் திருகினாய். எனக்கு முதலில் ஊற்றிக் கொடுத்தாய். "என்னப்பா, மொகமே சரியில்ல?" என்று கேட்டாய். "ரயில்ல வந்த களைப்பு" என்றேன். சாயங்கால ரயிலில் வந்தபடியே திரும்பினேன். வாயால் முடியாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. எழுதினால் பாதியில் நின்றுபோனாலும், பேனாவை வைத்துவிட்டு மறுநாள் தொடரலாம். அப்படித்தான் இதை நாலு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டப்போவதில்லை. உன் அம்மாவின் தம்பி, ராஜு மாமா, சனிக்கிழமை கொழும்புக்கு வரும்போது இதைத் திறந்தபடியே கொண்டுவந்து தருவார். அவரும் படிப்பார். நம் லயத்து வீடுகளில் யார் கேட்டாலும் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். உன்மேல் நான் பழியைப் போட்டது நாலு பேர் முன்னால். அதை எடுப்பதும் நாலு பேர் முன்னால்தான் நடக்க வேண்டும். அதனால், உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் முதலிலிருந்து சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

நான் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். பக்கத்துத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவை உல்லாசப் பயணிகள் தங்கும் இடமாக மாற்றியபோது, அதைப் பார்த்துக்கொள்ள வந்தவர் சுனில். வருகிறவர்கள் பொழுதுபோக்காக எய்து பார்க்கட்டும் என்று புல்வெளியில் ஒரு வைக்கோல் இலக்கும் சில மரவில்லுகளும் வைத்திருந்தார். ஒரு நாள் முறிந்த அம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்கே வந்துவிட்டார். "பாஸ், இது வெளிநாட்டுல இருந்து வந்தது. எல்லாம் முறிஞ்சி போகுது. இது மாதிரி ஒண்ணு செய்ய ஏலுமா?" என்றார். அம்பை நான் அதுவரை சாமி படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கையில் வாங்கினால் ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. ஆனால் விரல்மேல் வைத்து நிறுத்திப் பார்த்தால் முன்பக்கம் இத்தனூண்டு சாய்ந்தது. ஏன் சாய்கிறது என்று யோசித்தேன். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன்.

அதன் பிறகு வந்த இரண்டு வருஷம் என் வாழ்க்கையில் நான் மிகச் சந்தோஷமாக இருந்த காலம். அதை மறைக்க மாட்டேன். பைனஸ் மரப் பலகைகளில் ரேகை முனைக்கு முனை நேராக ஓடுகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்குவேன். குச்சியாக அறுத்து, இரும்புத் தகட்டில் போட்ட ஓட்டை வழியாகச் சுழற்றி இழுத்து உருண்டையாக்குவேன். கண்ணாடித் துண்டின்மேல் உருட்டிப் பார்த்து, கோணல் இருந்தால் அடுப்புச் சூட்டில் காட்டி, நோகாமல் நிமிர்த்துவேன். இரண்டு முனையையும் தாங்க வைத்து நடுவில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று சுவரில் கோடு போடுவேன். ஒரே அளவு தொய்கிற குச்சிகள்தான் ஒரே கட்டில் சேரலாம். தோட்டத்து மேல் டிவிசனில் நத்தார் பண்டிகைக்கு வான்கோழி வளர்க்கும் வீட்டிலிருந்து இறகு வாங்கிவருவேன். "வீட்டுல வெறகு நனஞ்சு கெடக்கு, இவரு குச்சிக்கு மஞ்சக் குளிப்பாட்டுறாரு" என்று உன் அம்மா கேலி செய்வாள். ஆனால் நான் வார்னிஷ் பூசி நிறுத்திவைத்தால், கொழுந்து பறிக்கப் போகும்போது சேலை பட்டுவிடாமல் ஒதுங்கித்தான் போவாள்.

அப்போது உனக்குப் பதினாலு வயது. நீ எனக்கு உதவிக்கு வரவில்லை, குறை சொல்லத்தான் வந்தாய். போனில் எதையெதையோ தேடிப் படித்துவிட்டு வந்து, "அப்பா, ஒரே பக்கத்து றெக்கையோட எறகத்தான் மூணும் ஒட்டணும். நீங்க ரெண்டு பக்கமும் கலந்திருக்கீங்க, அதான் அம்பு தள்ளாடுது" என்றாய். பிரித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றையும் நீதான் கண்டுபிடித்தாய். மர அம்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால், நாணை விட்டதும் அது இரண்டாக முறிந்து, பின்பாதி வில் பிடித்த கைக்குள்ளேயே ஏறிவிடும். அதனால் எய்வதற்கு முன் ஒவ்வொரு அம்பையும் இரண்டு கையாலும் பிடித்து லேசாக வளைத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும். சின்னச் சத்தம் வந்தாலும் தூக்கிப் போட வேண்டும். நான் இரண்டு தடவை மறந்தபோது நீ என் கையிலிருந்து வில்லையே பிடுங்கிக்கொண்டாய். அந்தப் பழக்கத்தை உனக்கு நான் சொல்லித்தரவில்லை. நீதான் எனக்குச் சொல்லித்தந்தாய். இதை இரண்டாவது தடவையும் வாசி. நான் செய்தது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது இங்கிருந்துதான் விளங்கும்.

உனக்குப் பதினாறு வயதானபோது, கண்டியிலிருந்து மரவில் எய்கிறவர்கள் சிலரைச் சுனில் பங்களாவுக்கு அழைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னப் போட்டி. நீயும் எய்வதாக முடிவானது. உனக்கென்று பன்னிரண்டு அம்புகள் செய்யத் தொடங்கினேன். அதற்கு முன் நான் அப்படியொரு கட்டுச் செய்ததில்லை. பன்னிரண்டும் ஒரே எடை, ஒரே தொய்வு. தொழிற்சாலையில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "கண்டிக்காரங்க வெளிநாட்டு அம்பக் கொண்டாரட்டும், எம் மக கையில இருக்கறதப் பாத்துட்டு வாயப் பொளப்பாங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி அம்பை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். சூடு போதவில்லை, அவசரம் கூடிப்போயிற்று. கொஞ்சம் அதிகமாக அழுத்திவிட்டேன். "டிக்" என்று ஒரு சத்தம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பின்பாதியில், பெருவிரல் அகலத்துக்குச் சரிவாக, தலைமுடி போல ஒரு கோடு.

முறித்து அடுப்பில் போட்டிருக்க வேண்டும். பதினொன்று இருந்தால் உனக்கு என்ன குறைந்துவிடும்? போட்டிக்கு ஆறே போதும். ஆனால் பன்னிரண்டு என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. அந்தக் கோட்டில் பசையைத் தேய்த்து ஏற்றினேன். அதன்மேல் நூலை நெருக்கமாகச் சுற்றினேன். நூல் தெரியாமல் இருக்கச் சிவப்புப் பெயின்ட் அடித்தேன். ஒன்றில் மட்டும் சிவப்புப் பட்டை இருந்தால் நீ கேட்பாய் அல்லவா? அதனால் மற்றப் பதினொன்றிலும் அதே இடத்தில் நூல் சுற்றி, அதே சிவப்பை அடித்தேன். சனிக்கிழமை காலை நீ பார்த்துவிட்டு, "ஐயோ அப்பா, எவ்ளோ அழகா இருக்கு!" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாய். பழுதான அம்பை மட்டும் எடுத்து ஒளித்துவைக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். சத்தியமாக நினைத்தேன். ஆனால் பன்னிரண்டும் ஒரே மாதிரி இருந்தன. எது என்று எனக்கே தெரியவில்லை. ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் சத்தமில்லை. பசை நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பனிமூட்டம் விலகத் தாமதமாகிவிட்டது. நீ நாலாவது ஆளாக எய்ய வந்தாய். நான் உனக்குப் பின்னால், பத்தடி தள்ளி நின்றேன். உன் முதுகையும் கையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் அம்பை எடுத்தாய், வளைத்தாய், காதில் வைத்தாய், எய்தாய். இரண்டாவதையும் அப்படியே. ஐந்தாவது அம்பையும் எடுத்தாய். வளைத்தாய். காதில் வைத்தாய். ஒரு கணம் அதிகமாகவே வைத்திருந்தாய். பிறகு நாணில் பூட்டினாய். நிரோ, நீ வளைத்துப் பார்த்தாய். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். வெடிப்பின் சத்தம் வெளியே வராமல் கட்டிவைத்தது நான் சுற்றிய நூல்.

அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன். உன் இடது கையின் பெருவிரல் அடியில் பாதி அம்பு ஏறி நின்றது. நீ கத்தவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பா, நா ஒண்ணும் பண்ணலப்பா" என்றாய். அதுதான் உன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. சுனில் ஓடிவந்து ஆட்டோவை வரவழைத்தார். வழி முழுக்க உன் கையை என் மடியில் வைத்துப் பிடித்திருந்தேன்.

உன் அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உனக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். நரம்பு அறுந்திருக்கிறது, விரல் பழையபடி மடங்குவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ராஜு மாமாவும் அத்தையும் பக்கத்து லயத்துச் சனமும் கூடவே வந்திருந்தார்கள். அம்மா உன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எப்புடிங்க ஆச்சு? நீங்க செஞ்ச அம்புதானேங்க?" என்றாள். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் சொன்னேன், "அம்ப வளச்சுப் பாக்காம விட்டுட்டா. எத்தன தடவ சொல்லியிருக்கேன். சொன்ன பேச்சு கேட்டாத்தானே."

நீ என்னைப் பார்த்தாய். கோபமில்லை. குழப்பம்தான் இருந்தது. பிறகு கூரையைப் பார்த்தாய். நடந்ததை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திப் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரிந்தது. இப்போது சொல்லிவிடுவாள், "இல்லப்பா, பாத்தேன்" என்பாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் நான் தலையைக் குனிந்திருப்பேன். ஆனால் நீ, "மறந்துட்டேம்மா" என்றாய்.

வாய் தவறி வந்த பொய் என்று எட்டு வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்தான். மூன்றாம் நாள் பங்களாவுக்குப் போய், அம்பின் இரண்டு துண்டையும் சுனிலிடம் கேட்டு வாங்கினேன். அவர் கொடுக்கும்போது பிரிந்து தொங்கிய நூலைப் பார்த்துவிட்டு, "பாஸ், இங்க நூல் எதுக்கு சுத்தினது?" என்று கேட்டார். "அழகுக்கு" என்றேன். அதன் பிறகு அவர் என்னைப் பங்களாப் பக்கம் கூப்பிடவே இல்லை. துண்டுகளைத் தொழிற்சாலைச் சூளையில் போட்டு எரித்தேன். வாய் தவறியவன் சூளை வரைக்கும் நடக்க மாட்டான்.

அந்த ஒரு பொய் எங்கெல்லாம் போயிற்று என்பது நீ அறியாததல்ல. உன் அம்மா உனக்குத் தலை பின்னிவிடும்போதெல்லாம், "சொன்ன பேச்சு கேட்டிருந்தா நீயே பின்னிக்குவ" என்பாள். பாசத்தில்தான் சொன்னாள், ஆனால் தினமும் சொன்னாள். ராஜு மாமா தன் பிள்ளைகளை அதட்டும்போது, "நிரோ அக்கா கையப் பாத்தீங்கல்ல? பெரியவங்க பேச்சக் கேக்காட்டி அப்புடித்தான்" என்பார். நீ உயர்தரப் பரீட்சை பாஸாகி வந்தபோது, சின்ன வயதிலிருந்து நீ ஆசைப்பட்ட தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கி வந்து உன் முன்னால் வைத்தேன். நீ அதை நிரப்பவே இல்லை. விரலைக் காரணம் சொல்வாய் என்று நினைத்தேன். "எனக்கு கவனம் பத்தாதுப்பா. யாரு உசுரயாச்சும் எடுத்துருவேன்" என்றாய். அப்போதும் நான் சும்மா நின்றேன்.

உன் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த அந்தக் கடைசி மாதம், நீ மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டு கிட்டே போனபோது, "நீ வச்சிரு, அப்பா வந்து குடுக்கட்டும். நீ எதையாச்சும் மாத்திக் குடுத்துருவ" என்றாள். நீ எழுந்து வந்து மாத்திரைகளை என் கையில் வைத்துவிட்டு, வெளியே போய்த் துணி காயப்போட்டாய். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அவளுக்குக் காது கேட்டது, நினைவு தெளிவாக இருந்தது. நான் மாத்திரையைக் கொடுத்தேன், தண்ணீரைக் கொடுத்தேன், வாயைத் துடைத்துவிட்டேன். எட்டு நாள் கழித்து அவள் போய்விட்டாள். அவளிடம் சொல்வதற்கு எனக்கு எட்டு நாள் இருந்தது என்பதை எண்ணாத நாளில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உன் கையில் அம்பு ஏறிய பிறகு நான் அம்பு செய்வதை நிறுத்தினேன். உனக்காக வருத்தப்பட்டு நிறுத்தினேன் என்று நீ நினைத்தாய். அடுத்த வருஷம் நத்தார் முடிந்ததும், மேல் டிவிசனுக்குப் போய் வான்கோழி இறகு வாங்கி வந்து, மடங்காத விரலோடு இடது இறக்கை, வலது இறக்கை என்று பிரித்துக் கட்டி என்னிடம் தந்தாய். "என்னால நீங்க நிறுத்தாதீங்கப்பா. தப்பு எம்மேலதானே" என்றாய். நான் வாங்கிக்கொண்டேன். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். அந்த இறகுகளை வைத்து ஒன்பது அம்பு செய்தேன். செய்யும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தேன். போன வாரம் அந்த ஒன்பதையும் எடுத்துப் பார்த்தேன். நல்ல அம்புகள். ஒன்றில்கூடக் குறையில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

அப்பாக்கள் கடிதம் எழுதினால் புத்தி சொல்லி முடிப்பார்கள். எனக்கு அந்த யோக்கியதை இல்லை, இருந்தாலும் ஒன்றிரண்டைச் சொல்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள். நீ கவனமில்லாதவள் இல்லை. எனக்குத் தெரிந்தவர்களில் நீதான் மிகக் கவனமானவள். தாதியர் பயிற்சி வேண்டாமென்று நீ விட்டதற்குக் காரணம் அதுதான் என்றால், அந்தக் காரணமே பொய். வேறு காரணம் இருந்தால் அது உன்னுடையது, நான் தலையிட மாட்டேன். உன் ஞாபகம் ஒன்று சொல்லி, உனக்குப் பிரியமானவர் வேறொன்று சொன்னால், உன் ஞாபகத்தை விட்டுக்கொடுக்காதே. சொல்கிறவர் பெற்ற அப்பனாக இருந்தாலும் விட்டுக்கொடுக்காதே. என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டால் நீ உடனே, "பரவாயில்லப்பா" என்று சொல்லிவிடுவாய். அதைத்தான் நீ சொல்லக்கூடாது. கோபப்படு. எத்தனை நாள் வேண்டுமானாலும் போன் எடுக்காமல் இரு. எட்டு வருஷக் கோபம் உனக்கு நான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் ராஜு மாமா வீட்டுக்குப் போனேன். அவர் பட்டியில் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புல்லுக்கட்டைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "அக்காகிட்ட யாரு மச்சான் போய்ச் சொல்றது?" என்று மட்டும் கேட்டார். அவர் மீதிப் புல்லையும் போட்டு, கையை உதறிவிட்டு உள்ளே போனார். மூன்று பிள்ளைகளையும் கூட்டிவந்து என் முன்னால் வரிசையாக நிறுத்தினார். "நான் இவுங்ககிட்ட இத்தன வருசமா தப்பாச் சொல்லி வச்சிருக்கேன். நீங்களே திருத்திச் சொல்லிருங்க" என்றார்.

சொன்னேன். சின்னப் பிள்ளைகளுக்கு விளங்குகிற மாதிரி சொன்னேன். மூத்த பிள்ளைகள் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைக்குட்டிப் பெண் மட்டும் என்னை விடவில்லை.

"அப்ப நிரோ அக்கா அம்ப வளச்சுப் பாத்தாங்களா மாமா?"

"பாத்தாங்கம்மா."

"அப்ப ஏன் மறந்துட்டேன்னு சொன்னாங்க?"

"நான் அப்புடிச் சொன்னேன்ல. அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டாங்க."

அப்பா